கேபிளை வெட்டிட்டு ஸ்டிக் வாங்கலாமா? ரெண்டு டிவி வீடு

கீழ்வீடு மேல்வீடு | 8 மார்ச் 2025, காலை 10.12

ரெண்டு டிவி, ரெண்டு செட்டாப் பாக்ஸ். கீழே 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி, மாடியில 21 இஞ்ச் பழைய டப்பா டிவி. கீழே அப்பா அம்மாவுக்கு சன், விஜய் சீரியல், அப்புறம் நியூஸ். மேலே கிரிக்கெட், படம். 30 எம்பிபிஎஸ் வேகத்துல ஃபைபர் நெட் ஏற்கெனவே இருக்கு. எல்லாமே ஆப்ல வருது, பிறகு கேபிளுக்கு எதுக்கு மாசாமாசம் அழணும்? ரெண்டு பாக்ஸையும் திருப்பிக் கொடுத்துட்டு, டிவியில சொருகி ஆப் ஓட்டுற ஸ்டிக் வாங்கிடலாம்னு இருக்கேன். 22ஆம் தேதி ஐபிஎல். அதுக்குள்ள முடிக்கணும். எங்க உதைக்கும்?

லைன்மேன் | 8 மார்ச், பகல் 1.30

கேபிள் தொழில்ல இருக்கிறவன் பேசுறேன், என் பக்கம் கொஞ்சம் சாய்வேன்னு நினைச்சுக்கிட்டே படிங்க.

மொதல்ல பில்லைப் பிரிச்சுப் பாருங்க. அதுல ரெண்டு கணக்கு. ஒண்ணு லைன் கட்டணம், நாங்க என்சிஎஃப்னு சொல்வோம். இன்னொண்ணு சேனல் காசு. 2019 பிப்ரவரி 1 டிராயோட (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) புதுமுறை வந்தப்ப 100 சேனல் வரைக்கும் லைன் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தா 153.40. 2020ல அதே 130க்கு 200 சேனல்னு மாத்துனாங்க. ரெண்டாவது டிவிக்கு அதுல 40 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது, அதாவது 52 ரூபாய். 2024 ஜூலையில இந்த உச்சவரம்பையே எடுத்தாச்சு. இப்ப ஆபரேட்டரே விலை வச்சுக்கலாம், ஆனா வெளிப்படையாப் போடணும்.

நிறைய வீட்ல பில்லை ஏத்துறது லைன் கட்டணம் இல்ல, யாரும் பாக்காத பேக். டப்பா டிவிக்கு எச்டி பேக் ஓடிக்கிட்டிருக்கிற வீடெல்லாம் உண்டு. அந்த டிவியில எச்டி தெரியவே தெரியாது. உங்க மாடி பாக்ஸ்ல என்ன ஓடுதுன்னு ரிமோட்ல மெனு போய் சந்தா விவரத்தைப் பாருங்க. அதைக் குறைச்சாலே நீங்க மிச்சம் பிடிக்க நினைக்கிறதுல பெரும்பகுதி வந்துரும்.

பஃபரிங் பாண்டியன் | 8 மார்ச், பகல் 2.05

30 எம்பிபிஎஸ்ல ரெண்டு டிவியா? 100 போடுங்க சார், இல்லேன்னா சுத்திக்கிட்டே இருக்கும்.

ஓஎன்டி | 8 மார்ச், இரவு 9.48

100 தேவையில்லை. நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் அளவு 720பி படத்துக்கு 3 எம்பிபிஎஸ், 1080பிக்கு 5, 4கேக்கு 15. ரெண்டு டிவியும் 1080பி ஓடினால் 10. அதோடு போன்கள் நாலு ஓடினாலும் 30 தாங்கும். சுற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிளான் கிடையாது. ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கும் சுவர்.

வெட்டும் முன் பார்க்க வேண்டியவை:

ரவுட்டர் அருகில் போனை வைத்து வேகம் பாருங்கள். பிறகு டிவியிலேயே பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் ஆப்பில் உதவிப் பகுதிக்குள் நெட்வொர்க் சோதனை இருக்கிறது. ரவுட்டரிடம் 30, டிவியிடம் 6 என்று வந்தால் கம்பெனிக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் தெருவில் எல்லார் வீட்டு வைஃபையும் அதில்தான் மோதும். ஒன்றோடொன்று இடிக்காத வைஃபை சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ரவுட்டர் அமைப்பில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 வைத்தால் வேகம் கூடும் என்று ஆசை காட்டும், நெரிசலான தெருவில் அது எதிர்மாறாகவே முடியும். 5 கிகாஹெர்ட்ஸ் சுத்தமாக ஓடும், ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போகும்போது மெலிந்துவிடும். ரவுட்டர் கீழே, டிவி மேலே என்றால் அதை நம்ப வேண்டாம்.

நல்ல வழி ஒன்றுதான். ஓஎன்டியிலிருந்து, அதாவது ஃபைபர் நூல் வந்து சேரும் பெட்டியிலிருந்து, மாடிக்கு ஒரு கேட்6 லேன் கம்பி இழுத்துவிடுங்கள். செலவு ஒருமுறை. பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான், 4கேக்கு அதுவே தாராளம்.

கீழ்வீடு மேல்வீடு | 9 மார்ச், காலை 7.20

பாத்தாச்சு. கீழே ரவுட்டர்கிட்ட 29, கீழ் டிவியில 24. மாடியில போன்ல 4. டப்பா டிவிக்கு எச்டிஎம்ஐ கிடையாது, மஞ்சள் வெள்ளை சிவப்பு துளைதான். எச்டிஎம்ஐயை ஏவியா மாத்துற சின்னப் பெட்டி 500 ரூபாய்க்குள்ள கிடைக்குதே, அது போதாதா?

ரிமோட் தாத்தா | 9 மார்ச், காலை 8.02

வாங்காதீங்க தம்பி. அந்தப் பெட்டிகள்ல பாதி, ஆப்களோட காப்பி பாதுகாப்பைத் தாண்டாது. மெனு தெரியும், படம் போட்டதும் கறுப்புத் திரை. தாண்டினாலும் 16:9 படத்தை 4:3 கண்ணாடிக்குள்ள நசுக்கும், ஸ்டிக்கோட மெனு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கும். டப்பா டிவியை கேபிளுக்கே விட்டுருங்க. கேபிளோட பழைய எஸ்டி (சாதா தர) சிக்னலுக்குன்னே பொறந்தது அது.

லைன்மேன் | 9 மார்ச், காலை 11.15

தாத்தா சொல்றதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. மாடி டிவியை மாத்துற வரைக்கும் மாடிக்கு ஸ்ட்ரீமிங் பேச்சே வேணாம்.

இன்னொண்ணு. உங்க ஃபைபரும் கேபிளும் ஒரே ஆள்கிட்டயா? பல ஊர்ல இப்ப ஒரே ஃபைபர் நூல்ல நெட்டும் டிவியும் வருது. அப்படின்னா "கேபிளை வெட்டுறேன்"னு சொன்னா வர்ற பையன் நூலையே உருவிட்டுப் போயிருவான், சொல்லி வைங்க.

ஓஎன்டி | 9 மார்ச், இரவு 10.31

அண்ணன் விளையாட்டாகச் சொன்னாலும் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே நூலில் மூன்று நிற வெளிச்சம். நெட் உள்ளே வருவது 1490 நானோமீட்டர் அலைநீளம், வெளியே போவது 1310, டிவி வருவது 1550. நெட்டுக்கான வெளிச்சம் மைனஸ் 27 டிபிஎம் (வெளிச்ச பலத்தின் அளவு) வரை இறங்கினாலும் ஓஎன்டி சமாளிக்கும். மைனஸ் 25ஐத் தாண்டினால் ஆளைக் கூப்பிடுங்கள் என்பது என் கணக்கு, வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். பிரவுசரில் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்துக்கு, முகவரி பெரும்பாலும் 192.168.1.1, உள்ளே போய் பான் நிலை என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் வெளிச்சத்தின் பலம், பாருங்கள். மைனஸ் 8ஐவிட அதிகமாக வந்தாலும் தப்புதான், வெளிச்சம் கூடிப்போனால் உள்ளே இருக்கும் கண் திணறும்.

டிவி அலைக்கு இந்த அளவு மெலிந்த வெளிச்சம் போதாது, நெட்டைவிடப் பலமாக வேண்டும். அதோடு நூல் மடிந்தால் நீள அலைதான் முதலில் கசியும். அதனால் கதவு இடுக்கில் நூல் நசுங்கியிருக்கும் வீட்டில் நெட் பிரமாதமாக ஓடும், டிவியில் மட்டும் கட்டம் கட்டமாக உடையும். ஆட்கள் செட்டாப் பாக்ஸை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சாதாரண நூலுக்கு வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒரு டம்ளர் வாயைவிடச் சின்னதாகச் சுருட்டாதீர்கள்.

இணைப்பின் நிறத்தையும் பாருங்கள். பச்சை முனையைப் பச்சையில்தான் செருக வேண்டும், நீலத்தை நீலத்தில். பச்சையின் முகம் சாய்வாகத் தேய்த்தது, நீலத்தினுடையது நேர். மாற்றிச் செருகினால் உள்ளே போகும், வேலையும் செய்வதுபோல் இருக்கும், நடுவில் காற்று இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும்.

பஃபரிங் பாண்டியன் | 10 மார்ச், காலை 9.00

வீட்ல எல்லாரும் மாப் போடுறப்ப அந்த நூலைத்தான் இழுக்குறாங்க. டம்ளர் கணக்கை அம்மாகிட்ட யார் சொல்றது?

ரிமோட் தாத்தா | 10 மார்ச், மாலை 6.40

கீழ் டிவி பத்தி. ஸ்மார்ட் டிவியாச்சே, ஸ்டிக் எதுக்குன்னு தோணும். ரெண்டு விஷயம் பாருங்க.

ஒண்ணு, விலை கம்மி ஸ்மார்ட் டிவிகள்ல நினைவகம் 1 ஜிபி, சேமிப்பு 8 ஜிபி. அந்த எட்டுல சிஸ்டமே பெரும்பகுதியைத் தின்னுரும். ஆப் ஒவ்வொரு அப்டேட்லயும் பெருத்துக்கிட்டே போகும். ஆறு மாசத்துல ஆப் திறக்கும்போதே வெளிய தள்ளும். அமைப்புகள்ல போய் கேஷை (ஆப் சேர்த்து வச்ச தற்காலிகக் கோப்புகளை) அழிங்க, பாக்காத ஆப்பை நீக்குங்க, வாரம் ஒருதடவை டிவியை சுவிட்ச்ல அணைச்சு ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்க. ரிமோட்ல அணைச்சா அது தூங்குதே தவிர அணையல.

ரெண்டு, டிவி நல்லா இருக்கும்போதே ஆப் செத்துப்போகும். 2019 டிசம்பர்ல 2010, 2011 மாடல் சில சாம்சங் டிவிகள்ல நெட்ஃப்ளிக்ஸ் நின்னுது. கண்ணாடி நல்லா இருக்கு, ஆப்தான் இல்ல. அந்த நாள் வரும்போது ஸ்டிக் வாங்கினாப் போதும், டிவியை மாத்த வேணாம். இப்ப ஓடுற வரைக்கும் ஓட்டுங்க.

ஸ்டிக் வாங்கினா அதுக்கு வர்ற சார்ஜரையே போடுங்க, 5 வோல்ட் 1 ஆம்பியர். டிவியோட யூஎஸ்பி துளையில சொருகினா கிடைக்கிறது அரை ஆம்பியர். மெனு வரைக்கும் ஓடும், படம் கனமானதும் ரீஸ்டார்ட் ஆகும். "ஸ்டிக் கெட்டுப்போச்சு"ன்னு கடைக்குத் திரும்புறதுல நிறைய இதுதான். டிவிக்குப் பின்னாடி ஒட்டிச் சொருகினா உலோகத் தகடு வைஃபையை மறைக்கும், கூட வர்ற சின்ன எச்டிஎம்ஐ வாலைப் போட்டு வெளிய தொங்க விடுங்க.

ஓஎன்டி | 10 மார்ச், இரவு 9.15

ஒரு சேர்ப்பு. கடையில் பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது, "4கே" என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும். அதில் காப்பி பாதுகாப்புக்கான வைட்வைன் எல்1 சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் எல்லாம் 480பிக்கு மேல் தராது. பாக்ஸ் 4கே, படம் பழைய சிடி தரம். உண்மையான 4கே வேண்டுமென்றால் டிவியின் எச்டிஎம்ஐ துளையும் எச்டிசிபி 2.2 என்ற காப்பி பாதுகாப்பைத் தாங்க வேண்டும். சில டிவிகளில் எல்லா எச்டிஎம்ஐ துளையும் அப்படி இருக்காது, துளைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

"எல்லாச் சேனலும் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்" என்று விற்கும் பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். அது திருட்டு ஒளிபரப்பு. ஐபிஎல் நடுவில்தான் அணையும்.

கீழ்வீடு மேல்வீடு | 11 மார்ச், காலை 7.05

சரி, மாடி கேபிளுக்கே இருக்கட்டும். கீழே மட்டும் வெட்டினா? சன் சீரியல் சன்நெக்ஸ்ட்ல, விஜய் ஜியோஹாட்ஸ்டார்ல, ஜீ தமிழ் ஜீ5ல. நியூஸ் யூடியூப்ல சும்மாவே லைவ் ஓடுது, புதிய தலைமுறை, தந்தி, பாலிமர் எல்லாம். எது குறையும்?

லைன்மேன் | 11 மார்ச், பகல் 12.50

எதுவும் குறையாது தம்பி, ரிமோட்தான் பெருகும்.

இப்ப அம்மா நம்பர் அழுத்துறாங்க, சேனல் வருது. ஆப்புக்குப் போனா வீட்டுப் பக்கம், ஆப் ஐகான், யார் பாக்குறீங்கன்னு கேக்கும், தேடணும், நேத்து விட்ட இடத்துலேர்ந்து தொடங்கவான்னு கேக்கும். எட்டு மணி சீரியலுக்கு உக்காந்தவங்க எட்டேகாலுக்குத்தான் பாக்க ஆரம்பிப்பாங்க. வயசானவங்க வீட்ல நிறுத்தின கேபிளை மறுபடி போடச் சொல்லிக் கூப்பிடுறதுக்குப் பெரிய காரணம் இதுதான், காசு இல்ல.

ரிமோட் தாத்தா | 11 மார்ச், மாலை 5.30

தாத்தான்னு பேர் வச்சிருக்கிறவனே சொல்றேன், அந்தளவுக்கு மோசமில்ல. அமைச்சுக் கொடுக்கிறதுல இருக்கு.

டிவியில சிஇசியை ஆன் பண்ணுங்க. சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க்னு வேற வேற பேர்ல ஒளிஞ்சிருக்கும். ஆன் ஆனா ஸ்டிக் ரிமோட்டே டிவியையும் போடும் அணைக்கும், சத்தமும் அதுலயே. பழைய ரிமோட்டை அலமாரியில வச்சுருங்க. ரெண்டும் கையில இருந்தா தப்பான இன்புட்டுக்குப் போய் மாட்டிப்பாங்க. ஆப் வரிசையில முதல் மூணு இடத்துல அவங்க பாக்குற மூணை மட்டும் வைங்க, மத்ததைக் கடைசிக்குத் தள்ளுங்க. ஒவ்வொரு ஆப்லயும் ஒரே ஒரு ப்ரொஃபைல். மைக் பட்டனை அழுத்தி சீரியல் பேரைத் தமிழ்லயே சொல்லச் சொல்லிக் கொடுங்க, கூகுள் டிவியில ஓரளவு நல்லாவே பிடிக்குது.

அப்புறம் "பாட்டு காதைக் கிழிக்குது, பேசுறது கேக்கல"ன்னு சொல்வாங்க. ஆப் 5.1 சத்தம் அனுப்புது, டிவியில இருக்கிறது ரெண்டு ஸ்பீக்கர், பேச்சுக்கான நடு ஸ்பீக்கர் இல்ல. ஸ்டிக்கோட சத்த அமைப்பை ஸ்டீரியோ அல்லது பிசிஎம்னு மாத்துங்க. படத்துலயே சத்த வகை தேர்வு இருந்தா சாதா ஸ்டீரியோவை எடுங்க.

ஓஎன்டி | 12 மார்ச், இரவு 8.55

டேட்டா கணக்கு. எச்டி ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை. தினம் நாலு மணி நேரம் எச்டி என்றால் 12, மாதம் 360 ஜிபி. "அன்லிமிடெட்" ஃபைபர் பிளான்கள் பலவற்றில் 3,300 ஜிபிக்கு மேல் வேகம் குறையும், அந்த எல்லையைத் தொடமாட்டீர்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், நாளுக்கு 1.5 ஜிபி பேக் அரை மணியில் முடிந்துவிடும்.

பஃபரிங் பாண்டியன் | 17 மார்ச், இரவு 7.10

ஜியோவுல 299 அல்லது அதுக்கு மேல ரீசார்ஜ் பண்ணினா ஜியோஹாட்ஸ்டார் 90 நாள் சும்மான்னு இன்னைக்கு அறிவிச்சிருக்காங்க. ஐபிஎல் மொத்தமும் கவர் ஆயிரும்!

ரிமோட் தாத்தா | 17 மார்ச், இரவு 9.22

நல்லது. ஆனா காசு கொடுத்து வாங்குறவங்களுக்கு, 2025 மார்ச் விலைப்படி: 149 ரூபாய் மூணு மாசத் திட்டம் மொபைலுக்கு மட்டும், டிவியில திறக்காது. டிவிக்குக் கம்மியானது சூப்பர், மூணு மாசம் 299, வருஷம் 899, ரெண்டு கருவி. பிரீமியம் மூணு மாசம் 499, வருஷம் 1,499, நாலு கருவி, 4கே. கீழ ஒரு டிவி, மாடியில ஒரு போன்னா சூப்பரே போதும்.

கீழ்வீடு மேல்வீடு | 23 மார்ச், காலை 8.30

நேத்து முதல் மேட்ச். ஸ்டிக் அமைச்சாச்சு, படம் கண்ணாடி மாதிரி. ஆனா பக்கத்து வீட்ல கத்தின பிறகுதான் எங்க டிவியில பந்து போடுறான். நெட் ஸ்லோவா?

லைன்மேன் | 23 மார்ச், காலை 9.41

சிக்னல் சாட்டிலைட்டுக்குப் போய் வர்ற தாமதம் எங்களுக்கும் இருக்கு, ஆனா நெட்ல அது கூடுதல்.

ஓஎன்டி | 23 மார்ச், காலை 10.20

அண்ணே, சாட்டிலைட்டின் பங்கு கால் வினாடிதான். பூமியிலிருந்து கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க அவ்வளவே. கேபிள், டிடிஎச் இரண்டிலும் மிச்சத் தாமதம் எல்லாம் படத்தைச் சுருக்கி விரிக்கும் சில வினாடிகள்.

ஸ்ட்ரீமிங்கில் படம் துண்டு துண்டாக வருகிறது. ஒரு துண்டு ஆறு வினாடி என்று வையுங்கள். ஆப் மூன்று துண்டுகளைக் கையில் சேர்த்த பிறகுதான் காட்டத் தொடங்கும், நெட் ஒரு கணம் தடுமாறினாலும் படம் நிற்காமல் இருக்க. அதிலேயே 18 வினாடி போச்சு. பல தரத்தில் படத்தைத் தயாரித்து, சர்வர்களுக்கு அனுப்பி, உங்கள் வீடு வரும் நேரத்தையும் சேர்த்தால் 25லிருந்து 40 வினாடி. உங்கள் நெட்டை 500 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இது குறையாது. நடுவில் படத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினால் இன்னும் பின்தங்கும், லைவ் பட்டனை அழுத்தி முன்னுக்கு வாருங்கள். ஸ்கோர் ஆப்களின் அறிவிப்பை அணைத்துவிடுங்கள், அது உங்கள் டிவியைவிட முந்தி வரும்.

கீழ்வீடு மேல்வீடு | 23 மார்ச், பகல் 1.00

அப்ப கிரிக்கெட்டுக்கு மாடி டப்பா டிவிதான் வேகமா? நல்ல கூத்து.

பஃபரிங் பாண்டியன் | 1 மே, காலை 6.50

சிஎஸ்கே நேத்தோட வெளிய. இந்த ஆட்டத்துக்கு 40 வினாடி தாமதம் பத்தாது, 40 நாள் வேணும்.

ஏர்வாடி ஆண்டெனா | 1 மே, காலை 9.12

எதுக்கு இவ்வளவு செலவு? டிடி ஃப்ரீ டிஷ் போடுங்க, மாசக் காசே கிடையாது. இந்தியா ஆடுற மேட்ச் எல்லாம் டிடி ஸ்போர்ட்ஸ்ல சும்மா. கேபிள்லயும் அதே டிடி வருதே, அதுலயே பாத்துக்கலாம்.

ரிமோட் தாத்தா | 1 மே, மாலை 4.45

பாதி சரி தம்பி. ஃப்ரீ டிஷ்ல மாசக் காசு இல்ல, 93.5 டிகிரி கிழக்குல ஜிசாட் 15 பக்கம் டிஷ்ஷைத் திருப்பினா வரும், பாக்ஸ் மட்டும் ஒருமுறை வாங்கணும். ஆனா தனியார் தமிழ்ச் சேனல் பெருசுகள் அதுல இல்ல. டிடி தமிழ் இருக்கும். சீரியல் பாக்குற வீட்டுக்கு அது காணாது.

மேட்ச் பத்தி: 2007 சட்டப்படி முக்கியமான விளையாட்டு ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோட பகிரணும். ஆனா 2017ல உச்ச நீதிமன்றம் சொன்னது, அப்படிப் பகிர்ந்த சிக்னல் டிடியோட சொந்த தரைவழி ஒளிபரப்புலயும் ஃப்ரீ டிஷ்லயும் மட்டும்தான். கேபிள், தனியார் டிடிஎச் வழியா போகக் கூடாது. அதனாலதான் கேபிள்ல அதே டிடிக்குப் போனா மேட்ச் நேரத்துல வேற ஏதோ ஓடும். ஐபிஎல்லுக்கு இதெல்லாம் பொருந்தாது, அது இந்திய அணி மேட்ச் கிடையாது.

லைன்மேன் | 1 மே, இரவு 8.20

அந்த நேரத்துல எங்களுக்கு வர்ற போன் இருக்கே. "டிடியில கிரிக்கெட்டைக் காணோம், நீங்கதான் மறைச்சிட்டீங்க"ன்னு.

கீழ்வீடு மேல்வீடு | 14 மே, இரவு 10.05

நேத்து சாயங்காலம் கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் இருக்கு, டிவி ஓடுது, வைஃபை இல்ல. கேபிளும் இல்ல. ஏன்?

ஓஎன்டி | 14 மே, இரவு 11.02

உங்கள் ரவுட்டர் சொருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை, அவ்வளவுதான். எலக்ட்ரீஷியனிடம் அந்தப் புள்ளியை மாற்றச் சொல்லுங்கள், அல்லது ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர். யூபிஎஸ்ஸின் ஆம்பியர் அதைவிடக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. வோல்ட் மட்டும் மாறவே கூடாது. 9 வோல்ட் துளையில் சொருகினால் ஓஎன்டி எரிந்து எரிந்து அணையும், 12க்கு மேல் கொடுத்தால் கருகும்.

அட்டையில் போடும் எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவு) கணக்கை அப்படியே நம்பாதீர்கள். 8,800 என்றால் அது 3.7 வோல்ட்டில். 3.7ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 32 வாட் மணி. 12 வோல்ட்டாக உயர்த்தும்போது கொஞ்சம் வீணாகும், 27 மிஞ்சும் என்று வையுங்கள். 9 வாட் தின்னும் ஓஎன்டிக்கு மூன்று மணி நேரம்.

லைன்மேன் | 15 மே, காலை 7.35

கேபிள் போன காரணம் நான் சொல்றேன். காக்ஸ், அதாவது வழக்கமான கேபிள் டிவி கம்பி லைன்ல தெருவுக்குத் தெரு சிக்னலைப் பெருக்குற ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அதுக்கு வழியிலேயே கரண்ட் வேணும். பவர் சப்ளை பெட்டி இருக்கிற இடத்துல கரண்ட் போனா, உங்க வீட்ல இன்வெர்ட்டர் இருந்தும் டிவியில சிக்னல் இல்லைன்னுதான் வரும். ஃபைபர்ல ஆபரேட்டர் ரூம்லேர்ந்து உங்க வீடு வரைக்கும் நடுவுல கரண்டு வேலையே இல்ல, வெளிச்சத்தைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடி. எங்க ரூம்ல யூபிஎஸ் நிக்கிற வரைக்கும் உங்களுக்கு நெட் நிக்கும். இந்த ஒரு விஷயத்துல ஃபைபர் கேபிளை ஜெயிச்சிருச்சு, ஒத்துக்குறேன்.

இதுக்கு நடுவுல ஒரு வழியும் இருக்கு. ஐபிடிவி. ஃபைபர்லயே சேனல் நம்பரோட வரும், அம்மா ரிமோட்ல நம்பரே அழுத்தலாம். பிஎஸ்என்எல் ஐஎஃப்டிவின்னு மத்தியப் பிரதேசத்துலயும் தமிழ்நாட்லயும்தான் முதல்ல கொண்டு வந்தாங்க, அது பிளான் டேட்டாவைத் தின்னாது. உங்க நெட் பிஎஸ்என்எல்லா இருந்தா கேட்டுப் பாருங்க.

கீழ்வீடு மேல்வீடு | 18 மே, காலை 9.10

நெட் பிஎஸ்என்எல் இல்ல. இப்ப நிலைமை: மாடி பாக்ஸ்ல எச்டி பேக், இங்கிலீஷ் பேக் தூக்கியாச்சு. கீழ் பாக்ஸ் இன்னும் இருக்கு. ஸ்டிக்கும் இருக்கு. வெட்டவா வேணாமா?

ரிமோட் தாத்தா | 18 மே, காலை 11.00

அம்மா எந்த ரிமோட்டை எடுக்குறாங்கன்னு பாருங்க. ஒரு மாசம் பாக்ஸ் ரிமோட்டைத் தொடலைன்னா வெட்டுங்க. இதுக்கு இழையில யார்கிட்டயும் கேக்க வேணாம்.

லைன்மேன் | 18 மே, பகல் 1.15

வெட்டுறப்ப பாக்ஸ் உங்க காசுல வாங்குனதா, வாடகையான்னு முதல் நாள் ரசீதைப் பாருங்க. வாடகைன்னா பாக்ஸ், ரிமோட், அடாப்டர் மூணையும் கொடுத்து எழுத்துல வாங்கிக்கோங்க. ஆபரேட்டர் பையன்கிட்ட வாயால சொல்லிட்டு விட்டா பில் ஓடிக்கிட்டே இருக்கும்.

பஃபரிங் பாண்டியன் | 14 ஜூன், இரவு 8.40

கேபிளை வெட்டினதே விளம்பரம் வேணாம்னுதான். 17ஆம் தேதிலேர்ந்து பிரைம்ல விளம்பரம் வருதாம். விளம்பரம் இல்லாம வேணும்னா மேல மாசம் 129, இல்ல வருஷம் 699. பிரைம் வருஷ சந்தான்னு கட்டுன 1,499 என்னாச்சு?

ரிமோட் தாத்தா | 14 ஜூன், இரவு 9.30

கேபிள் வந்த புதுசுலயும் தூர்தர்ஷன் விளம்பரத்துக்குப் பயந்து ஓடினவங்கதான் காசு கட்டினாங்க.

ஓஎன்டி | 15 ஜூன், காலை 10.45

விளம்பரத்தைவிடக் கவனிக்க வேண்டியது தானியங்கிப் பிடித்தம். மூன்று மாதத் திட்டம் எடுத்து மறந்தால் நான்காவது மாதம் காசு போகும். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரம் முன்பே செய்தி வர வேண்டும். வரும், ஆனால் நூறு செய்திகளுக்கு நடுவில் வரும். 15,000 ரூபாய் வரை மறுபடி ஓடிபி கேட்காது.

நிறுத்தும் இடம் இரண்டு. ஆப்பில் கணக்குப் பக்கத்தில் சந்தாவை ரத்து செய்யுங்கள். அதோடு நிற்காதீர்கள். யூபிஐயில் கட்டியிருந்தால் உங்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டையும் (தானாகப் பிடிக்க நீங்கள் தந்த அனுமதி) ரத்து செய்யுங்கள். ஆப்பை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது, இதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். ஐபிஎல் முடிந்துவிட்டது, மார்ச்சில் சூப்பர் எடுத்தவர்களுக்கு மூன்று மாதம் இந்த வாரம் முடிகிறது. இன்றைக்கே பாருங்கள்.

கீழ்வீடு மேல்வீடு | 15 ஜூன், பகல் 12.20

பாத்தேன், 21ஆம் தேதி பிடிக்கறதா இருக்கு. அப்பா விஜய் சீரியல் அதுலதான் பாக்குறார், அதனால நிறுத்தல, வருஷத் திட்டத்துக்கு மாத்திட்டேன். மூணு மாசம் 299னா வருஷத்துக்கு 1,196 ஆகுது, 899ல முடிஞ்சுது. கீழ் பாக்ஸ் வெட்டியாச்சு, ரசீதும் எழுத்துல வாங்கியாச்சு. மாடியில டப்பா டிவி, எஸ்டி பேக், கேபிள். ஒரு சந்தேகம் மட்டும்: பாக்ஸ் போன பிறகு கீழே சும்மா தொங்குற காக்ஸ் கம்பியை என்ன பண்ணணும்?

லைன்மேன் | 15 ஜூன், மாலை 6.05

மாடிக்குப் போற லைன் கீழ ஸ்ப்ளிட்டர்லேர்ந்துதான் பிரியுதுன்னா, ஸ்ப்ளிட்டரைக் கழட்டி ரெண்டு முனையையும் ஒரு ஜாயின்ட்ல நேரா இணைக்கச் சொல்லுங்க. ரெண்டா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் சிக்னல் பலத்துல மூணரை, நாலு டிபி திங்குது. அது மாடிக்குத் திரும்பக் கிடைக்கும், மழைக்காலத்துல கட்டம் கட்டமா உடையறது குறையும். கீழ இருக்கிற துண்டைச் சுவர் ஓரமா வெட்டி, முனையில டேப் சுத்தி விடுங்க. உருவிட வேணாம், புது டிவி மாட்டுற அன்னைக்கு அதே பைப் வழியா லேன் கம்பியைக் கட்டி இழுத்துக்கலாம்.